"அம்மா, நம்ம மலையும் சரிஞ்சிடுமா?"



2024 டிசம்பர் முதல் வாரத்தை நம் மலையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. புயல் எல்லாம் கடலோரத்துக்குத்தானே என்று இருந்தோம். மழையோ இங்கே வந்து கொட்டித் தீர்த்தது. சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. அதே நேரத்தில், டிசம்பர் 1ஆம் தேதி, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீட்டின் மேல் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். அதற்கு நாலு மாதம் முன்புதான், ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணுக்குள் போயின. 250 பேருக்கு மேல் உயிரிழந்த செய்தியைப் பார்த்து நாம் எல்லோரும் கண் கலங்கினோம்.

நாம் கண் கலங்கியதை நம் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அது எங்களுக்கே தாமதமாகத்தான் புரிந்தது.

மஞ்சக்குட்டை ஊராட்சியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், இதைச் சொன்னா சிரிப்பீங்க. எம் பொண்ணு மூணாவது படிக்குது. மழை பேஞ்சா செருப்பைப் போட்டுக்கிட்டே படுக்குது. ஏன்னு கேட்டா, ராத்திரி ஓடணும்னா தேட முடியாதுல்லங்குது." யாரும் சிரிக்கவில்லை. அவர் மகளிடம், "அதெல்லாம் நம்ம மலையில நடக்காது, பேசாம தூங்கு" என்று சொன்னாராம். பிள்ளை உடனே, "அப்ப ரோட்டுல ஏன் விழுந்துச்சு?" என்று கேட்டதாம். இவருக்குப் பதில் தெரியவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

அவர் பேசியதும் மற்றவர்களும் பேச ஆரம்பித்தார்கள். ஒரு பையனுக்கு மழை நாளில் மட்டும் காலையில் வயிற்று வலி வருகிறது, பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறான். விட்டுப்போன பழக்கமான படுக்கையில் சிறுநீர் போவது ஒரு குழந்தைக்குத் திரும்ப வந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் அக்காவும் தம்பியும் மண்ணைக் குவித்து, குச்சியை வீடுபோல நட்டு, தண்ணீர் ஊற்றிச் சரித்துச் சரித்து விளையாடுகிறார்கள். "அபசகுனமா விளையாடுறாங்கன்னு ரெண்டு போட்டேன்" என்றார் அந்த அம்மா.

அடிக்காதீர்கள் சகோதரி. நாம் பக்கத்து வீட்டில் போய்ப் பேசி ஆற்றிக்கொள்கிறோம். பேசத் தெரியாத வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் பேச்சு. 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையினர் கடலோரக் கிராமங்களில் உள்ளூர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகளை வரைய விடுவதும் விளையாட விடுவதும் கதை சொல்ல விடுவதும் அந்த மாதிரிப் பயிற்சிகளில் முக்கியமான பாடம். விளையாடட்டும். நேரம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுல இருந்தவங்களை யாரு வந்து காப்பாத்துவாங்க?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு குச்சி போலீஸ்காரராக வரும், ஒரு இலை ஆம்புலன்ஸ் ஆகும். விளையாட்டு மரணத்தோடு நிற்காமல் நகரும். நாள்கணக்கில் ஒரே மாதிரி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் விளையாடினால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

நாங்கள் செய்த தவறு

வயநாடு செய்தி வந்த வாரம், பேரிடர் விழிப்புணர்வு என்று சொல்லி, ஒரு கூட்டத்தில் நாங்களே செல்போனில் அந்த வீடியோவைக் காட்டினோம். உறுப்பினர்களுக்குத்தான் காட்டினோம். ஆனால் மடியிலும் முதுகுக்குப் பின்னாலும் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு முறை போட்டோம். இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஒரே சம்பவத்தை டிவியில் பத்து முறை காட்டினால் அது ஒரே சம்பவம்தான் என்று நமக்குத் தெரியும். நாலு, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பத்து மலை, பத்து ஊர். 2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் விமானங்கள் கட்டடத்தில் மோதிய காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்த சின்னக் குழந்தைகள், புதிது புதிதாக விமானம் மோதிக்கொண்டே இருப்பதாக நினைத்தார்கள். 1995இல் அதே நாட்டில் ஓக்லஹோமா நகரில் குண்டு வெடித்த பிறகு பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு செய்தார்கள். அந்தச் செய்தியை டிவியில் அதிகம் பார்த்த பிள்ளைகளிடம் பயத்தின் அறிகுறிகளும் அதிகமாக இருந்தன. பாதிக்கப்பட்ட ஊரில் இருந்தால்தான் மனம் பாதிக்கும் என்பது இல்லை என்று அப்போதே தெரிந்தது.

அப்போது டிவி மட்டும்தான். அதை அணைத்தால் முடிந்தது. இப்போது போன் நம் கையில், பிள்ளை கையில், பக்கத்து வீட்டு அண்ணன் கையில். வயநாடு வீடியோ என்ற பெயரில் வேறு நாட்டு நிலச்சரிவும் வரும், எப்போதோ நடந்த வெள்ளமும் வரும். அதனால் வீட்டில் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். செய்தியைப் பெரியவர்கள் ஒரு முறை கேட்டுக்கொள்வது, பிள்ளைகள் தூங்கிய பிறகு அல்லது வேறு இடத்தில் இருக்கும்போது. குழு வாட்ஸ்அப்பில் பிணம், இரத்தம், கதறல் உள்ள வீடியோவை யார் அனுப்பினாலும் அழித்துவிடுவது. பெரிய பிள்ளைகளிடம் போனைப் பிடுங்குவதால் பயனில்லை. அவர்கள் வேறு போனில் பார்ப்பார்கள். "என்ன பாத்த? எனக்கும் சொல்லு" என்று கேட்பது நல்லது. பார்த்ததைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

இன்னொரு விஷயம். செய்தி வந்ததும் டிவியில் யார் குற்றம் என்ற சண்டை தொடங்கிவிடும். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்த பிறகு நம் வீடுகளிலும் அந்தச் சண்டை நடந்தது. பெரியவர்களுக்கு அந்த விவாதம் தேவையாக இருக்கலாம். நடுவில் உட்கார்ந்து சோறு சாப்பிடும் பிள்ளைக்குக் கேட்பது சத்தமும் கோபமும் மட்டும்தான். அதற்குத் தெரிய வேண்டியது, அடுத்த முறை திருவிழாக் கூட்டத்தில் அம்மா தன் கையை விடமாட்டாள் என்பது. கை விட்டுப் போனால் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதையும் சொல்லிவைத்தால் இன்னும் நல்லது.

என்ன பதில் சொல்வது?

செருப்போடு படுத்த பிள்ளைக்கு வருவோம். "நம்ம மலையும் சரிஞ்சிடுமா?" என்று கேட்டால் நம் வாயில் முதலில் வருவது "சரியாது" என்பதுதான். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை பஸ் நின்றதைப் பார்த்திருக்கிறது, சாலையில் பாறை கிடந்ததைக் கேள்விப்பட்டிருக்கிறது. அம்மா சொன்னது பொய் என்று தெரிந்த பிறகு, அம்மா சொல்லும் வேறு எந்த ஆறுதலும் அதற்குப் போய்ச் சேராது. பயத்தோடு தனிமையும் சேர்ந்துகொள்ளும்.

பேசாமல் இருப்பதும் அதே மாதிரிதான். பிள்ளை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுக் கண்ணால் ஜாடை காட்டுகிறோமே, அதைக் கவனிக்காத பிள்ளையே கிடையாது. நாம் சொல்லாமல் விட்ட இடத்தை அவர்கள் கற்பனையால் நிரப்புவார்கள். அந்தக் கற்பனை பெரும்பாலும் நடந்ததைவிட மோசமாக இருக்கும்.

நாங்கள் அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஒரு பதிலைத் தயாரித்தோம். அவர் மகளிடம் சொன்னது ஏறக்குறைய இப்படி:

"கண்ணு, பாறை மேல மண்ணு போர்வை மாதிரி கிடக்குது. மழை கொஞ்சமா பேஞ்சா மண்ணு குடிச்சுக்கும். நாள் கணக்கா விடாம பேஞ்சா அதால தாங்க முடியாது, வழுக்கிக்கிட்டு கீழ வரும். நம்ம ரோட்டுல விழுந்தது அப்படித்தான். எல்லா மழைக்கும் விழாது. எல்லா எடத்துலயும் விழாது. அப்படி பெரிய மழை வந்தா நாம என்ன பண்ணணும்னு அம்மாவுக்குத் தெரியும். எந்த எடத்துக்குப் போகணும்னு பாத்து வெச்சிருக்கேன். ராத்திரி மழை பேஞ்சா நானும் அப்பாவும் முழிச்சிருந்து பாத்துக்குவோம். நீ முழிச்சிருக்க வேணாம்."

கடைசி வரிதான் அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது. இத்தனை நாளும் மழையைக் காவல் காக்கும் வேலையை அது தானே எடுத்துக்கொண்டிருந்தது. அந்த வேலையைப் பெரியவர்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கணக்காகவே சொல்லலாம். ஏற்காட்டில் ஒரு வருடம் முழுவதும் பெய்வது சராசரியாக 150, 160 சென்டிமீட்டர். முண்டக்கைப் பகுதியில் நிலச்சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் மட்டும் 57 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. அதாவது நம் வருட மழையில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டே நாளில்! சகதியும் பாறையும் ஆற்று வழியாக உருண்டு பல கிலோமீட்டர் போனதால் ஆற்றோர வீடுகள் அதிகம் அழிந்தன. ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டால் "அப்ப நம்ம வீடு ஓடையில இருந்து எவ்வளவு தூரம்?" என்று அளக்கக் கிளம்புவார்கள். அளக்கட்டும். பயம் கேள்வியாக மாறினால் நல்லதுதான்.

ஆனால் சகோதரிகளே, "அம்மாவுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு உண்மையில் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய கூட்டத்தில், "பெரிய மழை வந்தா எங்க போவீங்க?" என்று கேட்டோம். இருபது பேரில் மூன்று பேர்தான் இடத்தின் பெயரைச் சொன்னார்கள். பள்ளிக்கூடமா, சமுதாயக் கூடமா, எந்தக் கட்டடம் என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சி அலுவலகத்திலோ கேட்டு வையுங்கள். அந்த இடத்துக்குப் பகலில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போய் வாருங்கள். ஓடையைக் கடக்காத வழியாகப் பாருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், குழு பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ், மருந்து இவற்றை ஒரே பையில் கட்டி வையுங்கள். டார்ச் லைட்டைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். சின்ன வேலை ஒன்று கையில் இருக்கும் பிள்ளைக்குப் பயம் குறையும்.

மலை நமக்கு முன்கூட்டியே சில அடையாளம் காட்டும். தரையிலோ சுவரிலோ புதிதாக விரிசல், மரமும் மின்கம்பமும் சாய்வது, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, ஓடையில் தண்ணீர் சட்டென்று குறைவது அல்லது கூடுவது, மேலே உறுமுவது போலச் சத்தம். இதில் எதைப் பார்த்தாலும் காத்திருக்காமல் வீட்டை விட்டுப் போய்விட வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ராத்திரியில் அழைத்தாலும் எடுப்பார்கள்.

செருப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ள அம்மா சம்மதித்துவிட்டார். அது நல்ல யோசனைதானே? இப்போது வீட்டில் எல்லோர் செருப்பும் வரிசையாக அங்கேதான் இருக்கிறது.

நல்லதையும் சொல்லுங்கள்

வயநாட்டில் என்ன நடந்தது என்று சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுகிறோம். ஊர் போனது, இத்தனை பேர் செத்தார்கள், அவ்வளவுதான். அதன் பிறகு நடந்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ராணுவத்தினர் ஆற்றின் மேல் இரும்புப் பாலம் போட்டு அக்கரைக்கு வண்டி போக வழி செய்தார்கள். பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து மண்ணை வாரினார்கள், சமைத்துப் போட்டார்கள். வெள்ளார்மலை, முண்டக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதம் கழித்து, 2024 செப்டம்பர் 2 அன்று, மேப்பாடியில் வகுப்பு திரும்பத் தொடங்கியது. நண்பர்களை இழந்த பிள்ளைகள்தான், ஆனாலும் புத்தகப் பையோடு வந்து உட்கார்ந்தார்கள்.

2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்து நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 94 குழந்தைகள். மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவியது. அந்த வருடம் தமிழ்நாடு முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகப் பயந்தார்கள், அம்மாக்கள் அனுப்பப் பயந்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற உத்தரவு வந்தது. "அப்படி நடந்ததாலதான் இப்ப உங்க ஸ்கூல்ல கீத்துக் கொட்டாய் கிடையாது" என்று பிள்ளைக்குச் சொன்னால், பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை என்று அதற்குப் புரியும். (நம் ஊர்ப் பள்ளியில் தீயணைப்புக் கருவி எங்கே இருக்கிறது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள சகோதரிகள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் தைரியமாகச் சொல்லலாம்.)

சொல்லக் கூடாதது ஒன்றும் உண்டு. "சேட்டை பண்ணினா மலை வந்து மூடிடும்" என்று மிரட்டுவது. "சாமி கோவத்துல பண்ணிடுச்சு" என்பது. பெரியவர்கள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள், சேர்வராயன் சாமியை நாமும் கும்பிடுகிறோம். ஆனால் பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, நேற்று தம்பியை அடித்தோமே, அதனால் நம் வீடு போய்விடுமோ என்று கணக்குப் போடும். திருவண்ணாமலையில் இறந்த குழந்தைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வேலைக்குப் போகும் அம்மாக்கள் ஒரு விஷயம் கேட்டார்கள். நம் மலையில் மழைக்காலம் முடிவதும் காப்பிப் பழம் பறிப்பதும் ஒரே சமயத்தில் வருகிறது. பொழுது விடிந்ததும் எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறோம், பிள்ளையோடு எப்போது பேசுவது? பெரிதாக நேரம் தேவையில்லை. எங்கே வேலை, எத்தனை மணிக்கு வருவேன், வரத் தாமதமானால் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்று மூன்று விஷயம் காலையில் சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு வர முயற்சி செய்யுங்கள். சாப்பாடு, பள்ளிக்கூடம், விளையாட்டு, தூக்கம் இவை வழக்கமான நேரத்தில் நடந்தாலே பிள்ளை மனதில் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று படியும். சில நாளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். செல்லம் கெட்டுப் போகாது.

உண்டு உறைவிடப் பள்ளி விடுதிகளில் இருக்கும் பிள்ளைகளை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் தங்களுக்காகப் பயப்படுவது குறைவு, ஊரில் இருக்கும் அம்மாவுக்காகப் பயப்படுகிறார்கள். மழை செய்தி வந்தால் அன்றே வார்டன் போனுக்குக் கூப்பிட்டு, "நாங்க நல்லாருக்கோம், ஆயா நல்லாருக்கு, ஆடு நல்லாருக்கு" என்று சொல்லிவிடுங்கள். ஆட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள்!

நமக்கும் பயம் இருக்கிறதே என்றால், இருக்கத்தான் செய்யும். பிள்ளை முன்னால் அழவே கூடாது என்று இல்லை. "அந்தக் குழந்தைங்களை நெனச்சு அம்மாவுக்கு அழுகை வந்துடுச்சு, இப்ப பரவால்ல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தால், அழுதாலும் எழுந்து நிற்கலாம் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நம் பயத்தை இறக்கிவைக்கப் பிள்ளை மடி வேண்டாம். அதற்குக் குழு இருக்கிறது.

பெரும்பாலான பிள்ளைகள் சில வாரத்தில் பழையபடி ஆகிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கத்தில் அலறினால், சாப்பிடாமல் மெலிந்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், செத்துப்போவது பற்றித் திரும்பத் திரும்பப் பேசினால் தாமதிக்க வேண்டாம். செத்துப்போகலாம் என்று பிள்ளை சொன்னால் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது, அன்றே உதவி தேட வேண்டும். மந்திரிப்பதைச் செய்கிறவர்கள் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் டாக்டரிடமும் காட்டுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழே இறங்க முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி அது, தமிழிலேயே பேசுவார்கள். பிள்ளைகள் தாங்களே அழைக்க 1098 இருக்கிறது. இந்த எண்களோடு 1077ஐயும் சேர்த்து வீட்டுக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வையுங்கள். எழுதுவதைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் மழைக்கு ஒதுங்கும் இடம் எது, சாவி யாரிடம் இருக்கிறது, வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் யார் அழைத்துப் போவது என்று பேசி, தீர்மான நோட்டில் எழுதி ஊக்குநர் கையெழுத்தோடு கூட்டமைப்புக்குத் தர வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பேப்பரும் கலர் பென்சிலும் நாங்கள் கொண்டு வருகிறோம்.